ஊர்ப் பிள்ளைகளுக்கு ஸ்கேட்போர்டு பயிற்சி: இடம் முதல் ஸ்பான்சர் வரை ஒரு வழிகாட்டி

மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் கடலோரப் பிள்ளைகள் ஸ்கேட்போர்டில் பழகுவதைப் பார்த்துவிட்டு, நம் ஊரிலும் இதைத் தொடங்கலாமே என்று எண்ணும் ஆசிரியர்கள், இளைஞர் மன்றத்தினர், பெற்றோர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓர் ஊரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து இத்தகைய பயிற்சியை நடத்தி வருகிறோம். பிள்ளைகளைச் சேர்ப்பதில் எங்களுக்குச் சிரமமே இருக்கவில்லை. காலமெல்லாம் போனது காகிதங்களில்தான்: யாரிடம் எந்தப் பெயரில் பணம் வாங்கலாம், அதற்கு எந்த ரசீது தர வேண்டும், எந்த அனுமதி முதலில் வேண்டும் என்பதை ஒரே இடத்தில் சொல்லித்தர ஆளில்லை. அடுத்து வருபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதே என் நோக்கம்.

1. முதலில் பயிற்சியைத் தொடங்குங்கள். கான்கிரீட் தளம் பிறகு

ஸ்கேட் பார்க் என்றதும் எல்லோருக்கும் வளைந்து இறங்கும் கான்கிரீட் தளம்தான் நினைவுக்கு வரும். அதற்குப் பல இலட்ச ரூபாய் செலவாகும், நிலம் உறுதியாக வேண்டும், வளைவுகளைச் சரியாக இழைத்துத்தரும் கைகளும் வேண்டும். புதிதாகத் தொடங்கும் ஒரு குழு இந்த மூன்றையும் முதல் ஆண்டிலேயே தேடினால் பணம் கேட்டே களைத்துப்போகும். வழவழப்பான சமதரை, நகர்த்தக்கூடிய இரண்டு சாய்தளங்கள், பன்னிரண்டு பலகைகள், வாரத்துக்கு இரண்டு வகுப்புகள் ஆகியவை இருந்தால் பயிற்சியை நடத்திவிடலாம். ஓர் ஆண்டு தவறாமல் நடந்த பயிற்சியின் வருகைப் பதிவேடு கையில் இருந்தால், தளம் கட்டப் பணம் கேட்கும்போது அதைவிட வலுவான ஆவணம் வேறில்லை.

சாய்தளத்தை உள்ளூர் வெல்டிங் பட்டறையில் இரும்புச் சட்டமும் தச்சரிடம் மரைன் பிளைவுட் மேல்தளமும் சொல்லிச் செய்துகொள்ளலாம். மேல்தளம் தரையைத் தொடும் விளிம்பில் ஒரு மெல்லிய தகடு பதிக்கப்படும். அந்தத் தகட்டின் திருகாணித் தலைகள் பலகைக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். நாள்பட நாள்பட அதிர்வில் அவை ஒரு நூல் அளவு மேலெழும்; அந்த ஒரு நூலில் சக்கரமும் தடுக்கும், உள்ளங்கையும் கிழியும். ஒவ்வொரு வகுப்புக்கு முன்பும் தகட்டின் மேல் கையை மெதுவாக ஓட்டிப் பார்ப்பதைப் பயிற்றுநரின் முதல் வேலையாக வையுங்கள். கடலோர ஊர் என்றால் தரையைப் பெருக்குவது இரண்டாவது வேலை. காற்றில் வந்து படியும் மணலில் ஒரு சிறு கல் சக்கரத்தின் முன் அகப்பட்டால் பலகை அங்கேயே நின்றுவிடும். மேலே நிற்கும் பிள்ளை நிற்க முடியாது. உப்புக்காற்றில் பேரிங்குகள் விரைவில் துருவேறும் என்பதால் அவற்றை மாற்றுவதற்கான செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. இடத்துக்கான எழுத்துப்பூர்வ அனுமதி

கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடம், பள்ளியின் சிமெண்டுத் திடல், ஊராட்சியின் நெல் உலர்களம், லேஅவுட்டில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட இடம் ஆகியவை நடைமுறையில் கிடைக்கக்கூடியவை. உலர்களத்தின் தரை சற்றுச் சொரசொரப்பாக இருந்தால் 78ஏ கடினத்தன்மை கொண்ட மென்சக்கரங்கள் அதைத் தாங்கும். அறுவடைக் காலத்தில் களம் விவசாயிகளுடையது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, அந்த வாரங்களுக்கு விடுமுறை அறிவித்துவிடுங்கள்.

தனியார் இடம் என்றால் உரிமையாளரின் கையொப்பமிட்ட கடிதம் போதும். நாள், நேரம், காலவரை மூன்றும் அதில் இருக்க வேண்டும். அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியரின் வாய்மொழி இசைவை நம்பித் தொடங்க வேண்டாம். அவர் மாறுதலாகிப் போனால் உங்கள் பயிற்சியும் போய்விடும். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தையும் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

ஊராட்சி இடமாக இருந்தால், ஊராட்சி மன்றத் தீர்மானத்தோடு நின்றுவிடாமல் கிராம சபையிலும் ஒரு தீர்மானம் நிறைவேற்றிக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே மனுவைத் தலைவரிடமும் ஊராட்சிச் செயலரிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை நகலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒன்றிரண்டு மாதங்களுக்கு மேல் காத்திருக்க நேரிடும்.

நிரந்தரத் தளம் கட்டும் எண்ணம் இருந்தால் பணம் திரட்டுவதற்கு முன்பே நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் வருவாய்த் துறையின் இணையதளத்தில் எடுத்துவிடலாம். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அந்த எண்ணத்தை அப்போதே விட்டுவிடுங்கள். கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலம் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்குள் வரும். மாமல்லபுரம் போன்ற ஊர்களில், தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதிக் கட்டாயமும் உண்டு. நகர்த்தக்கூடிய சாய்தளங்களோடு தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேரூராட்சி, நகராட்சிப் பூங்காக்களில் தளம் அமைக்க 'நமக்கு நாமே' திட்டம் ஒரு நல்ல வழி. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் தரப்பில் செலுத்தினால் மீதியை அரசு தருகிறது. உள்ளூர் வணிகர்கள் சேர்ந்து அந்தப் பங்கைத் திரட்டலாம். பணம் உங்கள் கைக்கு வராமல் நேரே உள்ளாட்சி அமைப்புக்குப் போவதால், கணக்குச் சிக்கலும் குறைவு.

3. அமைப்பைப் பதிவு செய்தல்

முதல் சில வாரங்கள் நண்பர்களின் கைப்பணத்தில் ஓடிவிடும். வெளியார் பணம் ஒரு ரூபாய் வந்தாலும் அது ஓர் அமைப்பின் வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும். ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணுக்கு வாங்கினால், அது அவருடைய வருமானமா ஊர்ப் பணமா என்ற கேள்வி வரித்துறையில் எழுவதற்கு முன்பே டீக்கடையில் எழுந்துவிடும்.

உங்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் சங்கமாகப் பதிவு செய்யலாம். அதற்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும், விண்ணப்பம் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும். அல்லது சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதியலாம். பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் பொறுப்பில் மாறி மாறி வர வேண்டும் என்று விரும்பினால் சங்கமே பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்தே ஆக வேண்டும். அதைச் செய்ய ஓர் ஆள் உறுதியாக இல்லையென்றால் அறக்கட்டளை வழியே செல்லுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் நோக்கப் பிரிவில் விளையாட்டுப் பயிற்சி, குழந்தைகள் நலம், கல்விக்கான ஆதரவு ஆகிய மூன்றும் தெளிவான சொற்களில் இருக்கட்டும். இந்தப் பகுதியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பத்திர எழுத்தர் தம்மிடமுள்ள பழைய படிவத்தில் பெயரை மட்டும் மாற்றித் தருவார். அதில் விளையாட்டு என்ற சொல்லே இருக்காது. பிறகு வரி விலக்குக்கோ நிறுவன நிதிக்கோ விண்ணப்பிக்கும்போது திருத்தப் பத்திரம் பதியச் சொல்வார்கள், மாதங்கள் ஓடிவிடும்.

பதிவு முடிந்ததும் அமைப்பின் பெயரில் பான் எண், இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு, பிறகு வருமான வரித்துறையில் 12ஏபி (அமைப்பின் வரவுக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிக்கழிவு) என்று வழங்கும் பதிவுகள். புதிய அமைப்புக்கு இவை முதலில் மூன்று ஆண்டுகளுக்குத் தற்காலிகமாகக் கிடைக்கும். விண்ணப்பம் இணையத்தில்தான்; அரசுக் கட்டணம் இல்லை, ஆடிட்டர் கட்டணம் மட்டும். வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. அதில் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறாக இருக்கும். ஆடிட்டர்களும் வணிகர்களும் பேச்சில் பழைய பெயர்களையே சொல்வதால் நானும் அவற்றையே இங்கு பயன்படுத்துகிறேன். விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. ஒரு பக்கக் கணக்குத் தாள்

கடைக்காரர் முன் நீட்டும் முதல் தாள் இதுவாகத்தான் இருக்க வேண்டும். இருபத்து நான்கு பிள்ளைகள், இரண்டு குழுக்கள், ஆண்டில் பத்து மாதப் பயிற்சி என்று வைத்துக்கொண்டு ஒரு மாதிரிக் கணக்கைத் தருகிறேன். விலைகள் தோராயமானவை, உங்கள் ஊரில் விலைப்புள்ளி வாங்கித் திருத்திக்கொள்ளுங்கள்.

பலகைகள் 12, ஒன்று ரூ.4,000 வீதம்: ரூ.48,000
ஹெல்மெட்டுகள் 15, ஒன்று ரூ.1,500 வீதம்: ரூ.22,500
முட்டி, முழங்கை, மணிக்கட்டுக் காப்புகள் 15 செட்: ரூ.18,000
நகர்த்தும் சாய்தளங்கள் 2: ரூ.70,000
பயிற்றுநர் மதிப்பூதியம், மாதம் 8 வகுப்பு, வகுப்புக்கு ரூ.700: ரூ.56,000
சக்கரம், பேரிங், திருகாணி, கிரிப் தாள்: ரூ.12,000
விபத்துக் காப்பீடு: ரூ.10,000
முதலுதவி, குடிநீர், எழுதுபொருள்: ரூ.12,000
மொத்தம்: ரூ.2,48,500

இந்த மொத்தத்தை ஒரே ஆளிடம் கேட்காதீர்கள். "ஒரு ஹெல்மெட் 1,500 ரூபாய், ஒரு பலகை 4,000 ரூபாய், ஒரு மாதப் பயிற்றுநர் செலவு 5,600 ரூபாய், இதில் எது உங்களுக்கு இயலும்?" என்று கேளுங்கள். பலகையும் ஹெல்மெட்டும் கண்ணுக்குத் தெரிவதால் எளிதில் ஆள் கிடைத்துவிடும். பயிற்றுநர் ஊதியத்துக்குத்தான் யாரும் முன்வர மாட்டார்கள், ஆனால் பயிற்சி நிற்பதும் நடப்பதும் அதில்தான் இருக்கிறது. ஆகவே ஓரளவு பெரிய தொகை தரக்கூடிய விடுதி அல்லது துணிக்கடையைப் பார்க்கும்போது முதலில் அந்த வரியை முன்வையுங்கள்.

ஹெல்மெட்டில் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம். இருசக்கர வாகன ஹெல்மெட் இதற்குப் பொருந்தாது. அதன் எடையில் சிறுபிள்ளைகளின் கழுத்து தளரும். ஸ்கேட்டிங்குக்கென்று உரிய தரக் குறியீடு உள்ளதையே வாங்குங்கள்.

5. நான்கு வகைப் பணம், நான்கு வகைக் காகிதம்

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பதானால் இதைப் படியுங்கள். வணிகர் தரும் பணம் எல்லாமே 'ஸ்பான்சர்' என்றுதான் ஊரில் பேசப்படுகிறது. சட்டத்தின் கண்ணில் அது நான்கு வேறு பொருள்கள். எந்த வகையைக் கேட்கிறோம் என்று முடிவு செய்யாமல் கடை வாசலில் ஏறக் கூடாது.

*நன்கொடை.* கைம்மாறு எதிர்பாராமல் தரும் பணம் இது. 80ஜி பதிவு இருந்தால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்கும் என்று நாமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருக்கும் தனிநபருக்கும், 22 சதவீதச் சலுகை வரி விகிதத்தைத் தேர்ந்த நிறுவனத்துக்கும் அந்தக் கழிவு கிடையாது. ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும் கிடையாது. பொருளாகத் தந்தால் எவ்வளவு மதிப்பானாலும் கிடையாது. ஆகவே ஹெல்மெட் வாங்கித் தந்தவருக்கு 80ஜி ரசீது எழுதித் தராதீர்கள். நன்றி தெரிவித்து நன்கொடையாளர் பெயரைப் பலகையில் எழுதலாம். கோயில் குழல்விளக்கில் 'உபயம்' என்று எழுதுவோமே, அந்த அளவில் பெயர் மட்டும் இருந்து வணிக விளம்பரம் இல்லாவிட்டால் ஜிஎஸ்டி வராது என்று 2019-இல் வெளியான சுற்றறிக்கையே விளக்கியிருக்கிறது. பெயரோடு கடையின் தொலைபேசி எண்ணும் 'ஆடித் தள்ளுபடி'யும் சேர்ந்துவிட்டால் அது விளம்பரம்.

*விளம்பர ஸ்பான்சர்.* பணத்துக்கு ஈடாகச் சாய்தளத்தின் பக்கவாட்டிலோ பனியனிலோ கடையின் பெயரும் சின்னமும் இடம்பெறும். சிறு கடைகளுக்குப் பெரும்பாலும் இதுவே வசதி. எங்கள் ஊர் ஹார்டுவேர் கடை அண்ணாச்சி நன்கொடைப் புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "தம்பி, இந்த ரசீது எனக்கு எதுக்கு? ஆடிட்டர் என்னைப் புது முறையில போட்டிருக்காரு. விளம்பரம்னு பில் போட்டுக் குடுங்க, கடைச் செலவுல எழுதிக்கிறேன்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. விளம்பரச் செலவு எந்த வரி முறையிலும் வணிகச் செலவாகக் கழியும்.

இதில் மூன்று கண்ணிகள் உண்டு. முதலாவது ஜிஎஸ்டி: சேவை வழங்குவோருக்குப் பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 இலட்சம் ரூபாய் என்பதால் சிறு அமைப்புக்குப் பதிவு தேவைப்படாது. ஆனால் ஸ்பான்சர் ஒரு கம்பெனியாகவோ கூட்டாண்மை நிறுவனமாகவோ இருந்து, நீங்கள் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ இருந்தால், அந்த வரியை அவர்களே நேரடியாக அரசுக்குச் செலுத்த வேண்டும். இதை முன்பே சொல்லிவிடாவிட்டால் பிறகு உங்கள் தொகையில் கழிக்கப் பார்ப்பார்கள். இரண்டாவது, பணம் தரும்போதே பிடிக்கும் வரியான டிடிஎஸ்: ஒரே தொகை ரூ.30,000-க்கு மேல் போனால் சங்கம், அறக்கட்டளைக்கு 2 சதவீதம் பிடித்துக்கொண்டு தருவார்கள். அது பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று பார்த்துத் திரும்பப் பெறலாம். மூன்றாவதுதான் பெரியது. விளையாட்டு மேம்பாடு போன்ற பொதுப்பயன் நோக்கத்தில் 12ஏபி பதிவு பெற்ற அமைப்பின் ஆண்டு வரவில், கட்டணம் பெற்றுச் செய்யும் சேவையின் பங்கு 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஆண்டுக்கான வரிவிலக்கே ஆபத்துக்குள்ளாகும். ஆகவே விளம்பர பில்களின் கூட்டுத்தொகையை மாதந்தோறும் பாருங்கள்.

*பொருளாகப் பெறுதல்.* அந்த 20 சதவீத நெருக்கடிக்கு நல்ல மாற்று இது. பனியனைத் துணிக்கடையே தன் பெயரில் அச்சிட்டு, தன் பெயரிலேயே பில் போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்குத் தரலாம். பிளைவுட்டை ஹார்டுவேர் கடையும், முதலுதவிப் பெட்டியை மருந்துக்கடையும், மாலைச் சுண்டலை உணவகமும் தரலாம். பணம் உங்கள் கணக்குக்கு வருவதில்லை. ஆனாலும் பொருள் பதிவேடு ஒன்று வைத்து, தேதி, பொருள், எண்ணிக்கை, தந்தவர், பெற்றவர் கையொப்பம் ஆகியவற்றைத் தவறாமல் எழுதுங்கள்.

*சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதி.* நிறுவனச் சட்டம், 2013-இன் 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்ட நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிகளுக்குச் செலவிடலாம் என்று பட்டியலிடும் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் இடம்பெற்றிருக்கிறது. ஸ்கேட்போர்டிங் டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே சேர்க்கப்பட்டுவிட்டதால் விண்ணப்பத்தில் இதை முதல் வரியாக எழுதுங்கள். பல அதிகாரிகள் இதைத் தெருவிளையாட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் புதிய அமைப்புக்கு இந்தக் கதவு உடனே திறக்காது. 12ஏபி, 80ஜி, நிறுவன விவகார அமைச்சகத்தில் செய்யும் சிஎஸ்ஆர்-1 பதிவு ஆகிய மூன்றோடு, இதே போன்ற பணியில் மூன்று ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். அதுவரை, தகுதியுள்ள மூத்த தொண்டு நிறுவனம் ஒன்று விண்ணப்பித்து, நீங்கள் களப்பணி செய்வது நடைமுறையில் சாத்தியமான வழி. இன்னொன்று: பொருள்களுக்கோ சேவைகளுக்கோ சந்தைப் பலன் பெறும் நோக்கில் தரப்படும் ஸ்பான்சர் தொகை சிஎஸ்ஆர் செலவாகாது என்று விதியே சொல்கிறது. 'உங்கள் பெயரைத் தளம் முழுவதும் எழுதுகிறோம்' என்று கம்பெனியின் சிஎஸ்ஆர் பிரிவுக்கு எழுதுவது, நம் விண்ணப்பத்தை நாமே நிராகரிக்கச் சொல்வதற்குச் சமம். அந்தச் சலுகையை அதே கம்பெனியின் விளம்பரப் பிரிவிடம்தான் பேச வேண்டும்.

6. யாரிடம், எப்போது போவது

பணம் கேட்பதில் காலம் பாதி வேலையைச் செய்துவிடும். துணிக்கடைகளும் நகைக்கடைகளும் ஆடிக்கும் தீபாவளிக்கும் விளம்பரத் தொகையை ஒதுக்குவது மே, ஜூன் மாதங்களில்; புரட்டாசியில் போனால் முதலாளியின் முகத்தைப் பார்ப்பதே அரிது. ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களின் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குவதால், பொறுப்பேற்கப்போகும் தலைவரை மே மாதத்திலேயே பாருங்கள். கடலோர விடுதிகளுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கூட்டம் நெரியும். அவர்கள் பொறுமையாகப் பேசக்கூடியது ஆகஸ்ட், செப்டம்பரில். கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பிரிவுகள் ஜனவரி முதல் மார்ச் வரை, செலவழியாத நிதிக்கு இடம் தேடும்.

பயிற்சியை ஜூன் அல்லது ஜனவரியில் தொடங்குங்கள். அக்டோபரில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை பாதி வகுப்புகளைத் தின்றுவிடும். ஸ்பான்சருக்கு முதல் அறிக்கையில் காட்ட எதுவும் இருக்காது. மேலே சொன்ன பத்து மாதக் கணக்கு மழையையும் ஆண்டுத் தேர்வையும் கழித்த பிறகு வருவதுதான்.

போகும்போது ஒரு பக்கத் தமிழ்க் கடிதம், கணக்குத் தாள், பதிவுச் சான்றிதழ், பான் அட்டை, இரத்து செய்த காசோலை, இட அனுமதிக் கடிதம், வருகைப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். காலை பதினொரு மணி கடைகளில் சற்று ஓய்வான நேரம். முதல் முறை கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பயிற்சியைப் பார்க்க அழைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொகையை இரண்டாம் சந்திப்பில் பேசலாம். நேரில் வந்து பார்த்த வணிகர் மறுப்பது குறைவு.

பள்ளிப் படிப்பு கெடுமே என்ற கேள்வி எங்கும் வரும். மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்ற சிற்றூரில் 2015-இல் தொடங்கிய ஸ்கேட் பார்க்கில், பள்ளிக்குப் போகாதவர்களுக்குப் பலகை இல்லை, பெண்பிள்ளைகளுக்கே முதலிடம் என்று இரண்டு விதிகளை வைத்தார்கள். இரண்டையும் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். மாதந்தோறும் பள்ளி வருகையைக் கேட்டுப் பதிவேட்டில் குறித்து வைத்தால், அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஒப்புதல் கிடைத்ததும் ஓர் எளிய ஒப்பந்தக் கடிதத்தில் இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். தொகை, தவணை, பன்னிரண்டு மாதக் காலம், பெயர் இடம்பெறும் இடமும் அளவும், பயிற்சி நின்றுபோனால் மீதித் தொகை என்னவாகும் என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். வேறு எந்த உணவகமும் வரக்கூடாது போன்ற தனியுரிமைக் கோரிக்கைக்குச் சிறு தொகைக்காக இணங்க வேண்டாம். சின்ன ஊரில் ஒரு கடைக்காகப் பத்துக் கடைகளை இழப்பீர்கள். பொது இடத்தில் விளம்பரப் பலகை நட உள்ளாட்சி அமைப்பின் உரிமம் வேண்டும் என்பதால், கடைப் பெயரைச் சாய்தளத்திலும் பனியனிலும் மட்டும் வைத்துக்கொள்வது தொல்லையில்லாத வழி.

7. வாங்கவே கூடாத பணம்

புகையிலை, பான்மசாலா, மது, இணையவழிப் பணச் சூதாட்டம் ஆகியவற்றின் பெயர் பிள்ளைகளின் முதுகில் ஏறக் கூடாது. இவற்றின் விளம்பரத்துக்குச் சட்டத் தடைகள் உள்ளன என்பது ஒரு பக்கம். தடை இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். பள்ளி வளாகத்தில் பயிற்சி என்றால் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களின் விளம்பரமும் கூடாது. வளாகத்துக்குள்ளும் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் அதற்குத் தடை இருக்கிறது. தேர்தல் காலத்தில் கட்சிச் சின்னம் பொறித்த பனியனோடு வருபவரிடம் பணிவாக மறுத்துவிடுங்கள்.

கடலோர ஊர்களில் இன்னொரு பெரிய ஆபத்து, நல்ல மனத்தோடு வருவது. அலைச்சறுக்குக்கு வரும் வெளிநாட்டினர் பிள்ளைகளைப் பார்த்து மகிழ்ந்து அங்கேயே பணம் தர முன்வருவார்கள். எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டவரிடம் அமைப்பு ஒரு ரூபாயும் பெறக் கூடாது. ரொக்கமானாலும் இணையவழியானாலும் அதே விதிதான். அந்தப் பதிவுக்கு மூன்று ஆண்டு இயக்கமும், அக்காலத்தில் 15 இலட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட நம் உறவினரும் இதில் வெளிநாட்டவரே. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் வெளிநாடுவாழ் தமிழர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து தந்தால் பெறலாம். கடவுச்சீட்டு நகலை வாங்கி வையுங்கள். அமைப்புக்கென்று பலகைகளைக் கொண்டுவந்து இறக்குவதும் வெளிநாட்டு நன்கொடையே. ஒரு பிள்ளையின் சொந்தப் பயன்பாட்டுக்காக அந்தப் பிள்ளைக்கே நேரடியாகத் தரும் பரிசு, சந்தை மதிப்பு ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை இந்தச் சட்டத்தில் சேராது.

8. பிள்ளைகளின் பாதுகாப்புக் கோப்பு

ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம் வேண்டும்: வயது, இரத்த வகை, ஒவ்வாமை, அவசரத் தொடர்பு எண். படம் எடுப்பதற்கான ஒப்புதலைத் தனித் தாளில் வாங்குங்கள். அதில் இசைந்தவர்களின் படத்தையும் பயிற்சி அறிக்கைக்கு மட்டுமே பயன்படுத்துங்கள். கடை விளம்பரத்தில் எந்தப் பிள்ளையின் முகமும் வராது என்று ஸ்பான்சர் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

குழு விபத்துக் காப்பீட்டில் 'சாகச விளையாட்டு' என்ற விலக்குப் பிரிவு இருக்கும். முகவர் வாய்வார்த்தையாக எல்லாம் அடங்கும் என்பார். ஸ்கேட்போர்டு பயிற்சிக்குக் காப்பு உண்டு என்று நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வராமல் பிரீமியம் கட்டாதீர்கள். களத்தில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பது மிக நல்லது. 108 (ஆம்புலன்ஸ்), 1098 (குழந்தைகள் உதவி) எண்களைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி கட்டாயம் என்பதைத் தன்னார்வலர் ஒவ்வொருவருக்கும் சொல்லி, கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்.

போட்டிகளுக்கு அனுப்பும் நிலை வந்தால், நாட்டில் இந்த விளையாட்டை நிர்வகிப்பது இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பு. மாவட்டச் சங்கம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். வயதுச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழையே கேட்பார்கள். பல பிள்ளைகளிடம் ஆதார் மட்டுமே இருக்கும் என்பதால் சேர்க்கும்போதே பிறப்புச் சான்றிதழ் நகலை வாங்கத் தொடங்குங்கள்.

9. பணம் வந்த பிறகு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்க அறிக்கையை ஒவ்வொரு ஸ்பான்சருக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். எத்தனை வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எத்தனை பெண்பிள்ளைகள், எவ்வளவு செலவு, கையிருப்பு எவ்வளவு என்ற ஐந்து வரிகளும் பில் நகல்களும் போதும். காயம் ஏற்பட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். வேறொருவர் வாயால் அவர்கள் கேட்பது நல்லதல்ல.

80ஜி நன்கொடைகளுக்கு வெறும் ரசீது போதாது. நிதியாண்டு முடிந்ததும் மே 31-க்குள் 10பிடி அறிக்கையை இணையத்தில் தாக்கல் செய்து, 10பிஇ சான்றிதழைப் பதிவிறக்கிக் கொடுத்தால்தான் நன்கொடையாளர் கழிவு கோர முடியும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் உண்டு. இதற்கு நன்கொடையாளரின் பான் எண் வேண்டும். பணம் வாங்கும் நாளிலேயே அதை எழுதிக்கொள்ளுங்கள், மே மாதத்தில் தேடிப்போனால் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். அந்தச் சான்றிதழைக் கொடுக்கப் போகும்போதே அடுத்த ஆண்டுக்கான கணக்குத் தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.